கிரேனுக்கு அடியில் ஒரு சொல்

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? டாக்டரிடம் போகச் சொன்னால் "அவருக்கே மூட்டு வலி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். விடாதே, இழுத்துக்கொண்டு போ.

கப்பல் பட்டறையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. மாடியில் கண்ணாடி அறை, எதிரே பாதுகாப்பு அதிகாரி, கீழே இரும்புச் சத்தம். நீ சொற்களைப் பொறுக்குகிறவள் ஆயிற்றே, உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன்.

இங்கே கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற வேலையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் கூப்பிடுவது விசில் என்றுதான். கழுத்தில் விசில் தொங்கும், சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கழட்டி வெச்சா மறந்துடுவேங்க. மறந்தா எவன் தலையாவது போயிடும்" என்றார்.

நேற்று கேன்டீனில் டீ ஊற்றுகிற அம்மாள் பெரிய கேனைச் சாய்த்தபோது இவர் "இரு, இரு" என்றார், டம்ளரைச் சரியாகப் பிடித்துக்கொள்ள. இந்த நாட்டுக்காரர்கள் மொழியில் 'இரு' என்றால் விடு. கையில் இருப்பதை விடு, தள்ளு, ஊற்று, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். அந்த அம்மாள் விட்டுவிட்டாள்.

"இருன்னுதானே சொன்னேன்! ஏம்மா கொதிக்கக் கொதிக்கக் குளிப்பாட்டுறே?" என்று இவர் குதிக்க, "நீதானே விடச் சொன்னாய்!" என்று அவள் கரண்டியைத் தூக்க, நடுவில் நான். இவர் சொன்னதை முழுதாகச் சொல்லியிருந்தால் மீதி டீ தலையில் இறங்கியிருக்கும். பாதியை விழுங்கிவிட்டேன். என் தொழிலே அதுதான். எல்லோருடைய கோபத்திலும் பாதி என் வயிற்றில்.

இங்கே குளிர் அதிகம். நீ பின்னிய மஃப்ளர் காதுவரைதான் வருகிறது. அடுத்த முறை கம்பளியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வடிந்துவிட்டது, வாய்தான் வடியவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? குளிரில் உனக்கு வருமே ஒரு வறட்டு இருமல், அது வந்துவிட்டதா?

டீக்கதையைப் படித்து நானும் அம்மாவும் சிரித்ததில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். பதிப்பகத்தில் நாளெல்லாம் மற்றவர்களின் புரூஃபைத் திருத்திவிட்டு வருகிறவளுக்குச் சொந்தமாக எழுத ஏதாவது கிடைத்தால் சும்மா இருக்க முடிகிறதா? இந்த மாதப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். புகைப்படத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகளில் ஒரே ஒலி எப்படி வேறு வேறு பொருளோடு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கட்டுரை. 'மாமா' என்ற ஒலிக்கு ஒரு மொழியில் அம்மா, இன்னொன்றில் அப்பா, நம் வீட்டில் எந்த விசேஷத்திலும் முதல் ஆளாகக் கோபித்துக்கொண்டு போகிறவர். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றும் எழுதினேன். மனிதர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வாய்தான். அதில் உருட்டக்கூடிய ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டியவையோ ஏராளம். வந்த ஒலியே திரும்ப வராமல் என்ன செய்யும்?

டீக்கதையை அப்படியே போட்டிருக்கிறேன். முடிவு மட்டும் தொய்வாக இருப்பதாக ஆசிரியர் சொன்னார். அதனால் கடைசியில் இப்படிச் சேர்த்தேன்: "டீயோடு போயிற்று. இதே சொல் ஒரு கிரேனுக்கு அடியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கீழே நிற்பவன் இரு என்று கத்துவான். மேலே இருப்பவன் விட்டுவிடுவான்."

எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் குட்டி


பிப்ரவரி 24

அன்புள்ள குட்டிக்கு,

நலம். இருமல் வந்தது, போய்விட்டது. அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

கட்டுரையை மூன்று முறை படித்தேன். பெருமை தாங்கவில்லை. டீ நேரத்தில் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர்கள் மொழியில் வாசித்துச் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உன் தங்கை அறிஞர்" என்றார். அம்மாவிடம் சொல்லிவிடு, ஒரு வாரத்துக்கு உன்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்ல மாட்டாள்.

குறை என்றால் ஒன்றே ஒன்று. கிரேனுக்கு அடியில் யாரும் பேசுவதில்லை. அந்த இரைச்சலில் பேசினாலும் கேட்காது. விசில், கை, அவ்வளவுதான். ஆனால் நீ கற்பனை என்று சொல்லித்தானே எழுதியிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை அதிகம். யாராவது ஒருவர் எதையாவது சொல்ல வந்து வாசலில் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள குட்டிக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத முடியவில்லை.

மார்ச் கடைசியில் இங்கே ஒரு விபத்து. கிரேனில் தொங்கிய இரும்புத் தகடு நிற்காமல் இறங்கிவிட்டது. கீழே இருந்த வெல்டருக்கு ஒரு கால் போய்விட்டது. இருபத்து நான்கு வயது. நம் மொழியும் இல்லை, இவர்கள் மொழியும் இல்லை, வேறெங்கோ இருந்து வந்தவன். ஆஸ்பத்திரியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் மொழிக்கு இங்கே ஆள் இல்லை.

விசாரணை தொடங்கியிருக்கிறது. மொழிக் குழப்பம் என்று பேசிக்கொள்கிறார்கள். பகல் முழுக்க எனக்கு அதே வேலை.

அம்மாவிடம் விபத்தைப் பற்றிச் சொல்லாதே. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? தூங்குகிறாயா?

அந்தப் பையனை நினைத்து இரண்டு நாள் புரூஃபில் ஒன்றும் ஓடவில்லை. ஒரு பிழையைத் திருத்தப் போய் இரண்டு சேர்த்துவிட்டேன்.

ஒன்று புரியவில்லை. மொழிக் குழப்பம் என்றால் என்ன? யாருக்கும் யாருக்கும் நடுவில்? கிரேனுக்கு அடியில் யாரும் பேசுவதில்லை என்று நீதானே எழுதினாய்? அன்று கீழே சைகை காட்டியது யார், விசிலா? அவருக்கு ஒன்றும் இல்லையே?

போனில் கேட்டால் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் ஆள் இருக்கும், புரிகிறது. எழுதும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லையே. எழுது.

குட்டி


மே 19

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இங்கே வெயில் வந்துவிட்டது. மஃப்ளரைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று அனுப்பியிருக்கிறேன், வலது கால் அளவு. இரவில் கழற்றிவிட வேண்டும்.

விசாரணை விதிப்படி நடக்கிறது. அதைப் பற்றி வெளியே எழுத எனக்கு அனுமதி இல்லை.

நீ அடுத்து என்ன எழுதுகிறாய்? மொழிகளைப் பற்றியே எழுத வேண்டும் என்றில்லை. வேறு எவ்வளவோ இருக்கிறது.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலமாக இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

நேற்று பதிப்பகத்துக்கு ஒரு பெண் வந்தாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள், முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். செல்போனில் என் கட்டுரைப் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் காட்டி என்னைக் கண்டுபிடித்தாள்.

"நீங்கதானே இது?"

"ஆமாங்க."

"போட்டோல நல்லா சிரிக்கிறீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லைங்க. யாரு அவரு?"

"அவரை விசில்னு கூப்பிடுவாங்க. கிரேனையாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப எதைப் பார்த்து எழுதினீங்க?"

அவள் என் பதிலுக்காக வரவில்லை.

"அவரு வேலையில வாயே திறக்க மாட்டாரு. வீட்லயும் அப்படித்தான். கல்யாணமான புதுசுல ஊமையைக் கட்டி வெச்சுட்டாங்கன்னு எங்கம்மாகிட்ட சண்டை போட்டிருக்கேன். அந்த மனுஷன் தமிழ்ல 'இரு'ன்னு கத்தினாராம், மேல இருந்தவன் அதை 'விடு'ன்னு எடுத்துக்கிட்டானாம், அதனால ஒருத்தன் கால் போச்சாம். கேஸு அவரு மேல. ஜெயில்ல போட்டாலும் போடுவாங்களாம். ஆதாரம் என்னன்னு கேட்டா உங்க பேரைச் சொல்றாங்க. உள்ளூர்ல பெரிய அறிஞராம் நீங்க, முன்னாடியே எச்சரிச்சீங்களாம்."

அக்கா, நான் கற்பனை செய்த இரண்டு வரி. டீயை வெட்டிவிட்டார்கள். "நினைத்துப் பாருங்கள்" என்பதை வெட்டிவிட்டார்கள். மீதியை ஒரு மனிதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "கிரேன் பிரேக் வழுக்குதுன்னு அங்க மொழிபெயர்க்கிற அம்மாகிட்ட நாலு தடவை போய்ச் சொன்னாராம். அந்தம்மா இப்ப இவரைப் பார்த்தா வேற வழியா போகுதாம்."

அந்த அம்மா யாரென்று அவளுக்குத் தெரியாது. என் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம். இன்னொரு கதை எழுதுங்க, அவரு கத்தலைன்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது நான் கேட்கிறேன். அந்தப் பத்திரிகை தமிழில் வந்தது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்களில், அதை அவர்கள் மொழியில் பத்தி பிரித்து அழகாக எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர் யார்? ஒரே ஒருத்திதான் எனக்குத் தெரியும். மே மாதம் எனக்கு முழங்கால் உறையைப் பற்றி எழுதினாயே, அப்போது அந்த மொழிபெயர்ப்பு முடிந்திருந்ததா, இல்லை பாதியில் இருந்ததா? "வேறு எவ்வளவோ இருக்கிறது" என்று எனக்குப் புத்தி சொன்னபோது மேசையில் எந்தக் காகிதம் இருந்தது?

முழங்கால் உறை சரியாக இருக்கிறது. அம்மா உன்னை வாழ்த்திக்கொண்டே இருக்கிறாள். கேட்கும்போது எனக்கு எரிகிறது.

குட்டி


ஜூலை 3

குட்டிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நீ இல்லை. நானும் இல்லை.

ஆமாம், மொழிபெயர்த்தது நான்தான். முழுதாகத்தான் கொடுத்தேன், டீயோடு, மாமாவோடு, உன் நினைத்துப் பாருங்களோடு. கத்தரித்தது அவர்கள். பிப்ரவரியில் நான் வாசித்துக் காட்டியதை அதிகாரி நினைவு வைத்திருந்தார். விபத்து நடந்த மூன்றாம் நாள், "உன் தங்கை எழுதினாளே, அதைக் கொண்டு வா" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு அந்த நொடியில் தோன்றவில்லை. தோன்றியபோது காகிதம் அவர் கையில் இருந்தது.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியாது. யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும். அவர் "நான்" என்றால் நானும் "நான்". திட்டினால் நானே திட்டுவேன், கெஞ்சினால் நானே கெஞ்சுவேன். நாளெல்லாம் நான், நான் என்கிறேன். அதில் ஒரு நானும் நான் இல்லை. குழாயைப் பார்த்து ஏன் இந்தத் தண்ணீரை விட்டாய் என்று கேட்பாயா?

என் தங்கும் அனுமதி கம்பெனியின் கையில் இருக்கிறது. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அடுத்த விமானம். வந்து என்ன செய்வேன்? உன் பக்கத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கவா?

உனக்குக் கோபப்பட ஒரு நாற்காலி இருக்கிறது, மேலே மின்விசிறி ஓடுகிறது. கோபத்தை எழுதி, காற்புள்ளி சரியா என்று பார்த்து, உறையில் போட்டு ஒட்டுகிறாய். எனக்கு அவர்கள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்லும் பொய்யை நானே சொல்வதுபோலச் சொல்ல வேண்டியிருக்கிறது. விபத்தன்று கிரேன்காரர் சொன்னது, "விசில் கேட்டது, பிரேக்கை இழுத்தேன், நிற்கவில்லை." அதை மொழிபெயர்த்தது நான். போன மாதம் அவரே சொன்னது, "'இரு' என்று கேட்டது, விட்டேன்." அதையும் மொழிபெயர்த்தது நான். இரண்டையும் ஒரே குரலில் சொன்னேன். என்னை யாரும் எது உண்மை என்று கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தக் கிரேனைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தது நான் இல்லை. முடிவு தொய்வாக இருக்கிறதென்று நீதான் கொண்டுவந்தாய்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

கொண்டுவந்தது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒவ்வொரு நாளும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், உன் உதவி தேவையில்லை.

விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். அவர்கள் மொழி தெரிந்த ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்து எழுத வைத்தேன். 'நான் அந்தப் பட்டறையைப் பார்த்ததில்லை. நடந்தது டீக்கதை மட்டும். கிரேன் என் கற்பனை. என் பெயரை எடுத்துவிடுங்கள்.' பதில் வந்துவிட்டது, இரண்டே வரி. கட்டுரையாளர் பட்டறையை நேரில் பார்க்காதவர் என்பதால் அவருடைய மறுப்பை ஏற்க இயலாது.

படித்தாயா? பழி போடுவதற்கு நான் அறிஞர். மறுக்கும்போது ஊர் பேர் தெரியாதவள்.

அவர்களுக்கு அந்தச் சொல் ஏன் அவ்வளவு பிடித்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. பிரேக் என்றால் அதைப் பார்க்காமல் விட்ட ஆள் ஒருவர் இருப்பார். சொல் என்றால் அவர்கள் பக்கம் யாரும் இல்லை. இரண்டு மொழிகள் தற்செயலாக மோதிக்கொண்டன, பாவம், நடுவில் ஒரு கால். கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள், அந்த ஆச்சரியத்தில் கோபம் மறந்துபோகும். நான் ஆசைப்பட்டு எழுதிய விஷயம் இதற்கா உதவ வேண்டும்?

குழாய் என்கிறாய். குழாய்க்குக் காது கிடையாது, அக்கா. நீ கேட்டாய். நான்கு முறை கேட்டாய். அந்த நான்கு முறையைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். விசில் வந்து என்ன சொன்னார்? அதை நீ அவர்களிடம் என்னவென்று சொன்னாய்? விளக்கம் வேண்டாம். அவர் வார்த்தை, உன் வார்த்தை. அவ்வளவுதான்.

குட்டி


ஆகஸ்ட் 25

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். விசாரணையின் கடைசி நாள் செப்டம்பரில் என்றாள். மொழிபெயர்க்கிற அம்மா என் அக்கா என்று சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "அப்ப உங்களால முடியுமே" என்றாள். அந்த முகத்தில் வந்த நம்பிக்கையை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா உன் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். வந்தது, நீ நலம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கும் இப்போது பொய்யாக மொழிபெயர்க்க வந்துவிட்டது.

குட்டி


செப்டம்பர் 22

குட்டிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் முதலில்.

விசில் சொன்னது: "பிரேக் பிடிக்க மாட்டேங்குதுங்க. நிறுத்தினா ஒரு முழம் வழுக்கிட்டுத்தான் நிக்குது. இன்னைக்கோ நாளைக்கோ ஒருத்தனை அடிச்சிடும். அந்தாளு காதுல ஓங்கிச் சொல்லுங்க."

நான் சொன்னது: "வசதிப்படும்போது பிரேக்கை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்கிறார்."

நான்கு முறையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதிகாரி ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்றார். அதை நான் விசிலிடம், "பார்த்துடுவோம்னு சொல்றார்" என்று சொன்னேன். இரண்டு பக்கமும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கடைசி நாள் விசாரணை. விசில் மேல் போட்ட வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கிரேனை நிறுத்திவைத்து, வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பிரேக்கைப் பிரிக்கிறார்கள். என்னை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், அடுத்த மாதம் வந்துவிடுவேன். இதைப் படித்ததும் நீ அந்தப் பெண்ணிடம் ஓடுவாய். ஓடு. ஆனால் திரும்பி வந்து மீதியையும் படி.

நீளமான மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் இருந்தவர் தலைவர். பாதுகாப்பு அதிகாரி ஓரத்தில். இந்தப் பக்கம் விசிலும் கிரேன்காரரும். மேசையின் முனையில் என் நாற்காலி. தலைவர் கேட்டார், உன் மொழியில் கத்தினாயா என்று. நான் தமிழில் கேட்டேன்.

"கத்தலைங்க. விசில் ஊதினேன். பிரேக் வழுக்குதுன்னு நாலு தடவை சொன்னேன். இதோ, இந்தம்மாகிட்டதான் சொன்னேன். அவங்களையே கேளுங்க."

இதை நான் அவர்கள் மொழியில், அவராகவே சொல்ல வேண்டும். இந்தம்மாவிடம் சொன்னேன், அவரையே கேளுங்கள் என்று. வாயைத் திறந்தேன், குட்டி. என்னையே சுட்டிக்காட்டி, நான் யாரோ என்பதுபோலச் சொல்லிவிட்டு, மறுபடி வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"மொழிபெயர்ப்பாளர் ஏன் நிற்கிறார்?" என்றார் தலைவர்.

"இப்போது பேசுவது நான். அவர் இல்லை" என்றேன். மேலே எழுதினேனே, அவர் வார்த்தை, என் வார்த்தை, இரண்டையும் சொன்னேன். விபத்தன்று கிரேன்காரர் சொன்னதையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நான்கு வருடப் பழக்கம்.

அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "ஆக, நான் முதலிலிருந்தே சொல்வதுதான். மொழிக் குழப்பம். சொல்லில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பில். எச்சரிக்கை எனக்குச் சரியாக வந்து சேரவில்லை" என்றார். உன் இரண்டு வரியைக் கீழே போட்டுவிட்டு என்னை எடுத்துக்கொண்டார். தலைவரும் தலையை ஆட்டி எழுதத் தொடங்கினார். அவ்வளவு எளிதாக முடியப்போகிறது என்று பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் பேசியது நான் இல்லை. கிரேன்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர்கள் ஊர்க்காரர், அவர்கள் மொழி. அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

"யோவ், இவளுக்கு மொழி தெரியலைன்னா எனக்கு என்ன கேடு? நான் நம்ம மொழியிலதானே உங்கிட்ட சொன்னேன்? நேருக்கு நேரா, ரெண்டு தடவை. நடுவுல எவளும் இல்லையே. விசில் கேட்டுச்சு, இழுத்தேன், நிக்கலை. நிக்காதுன்னு உனக்குத் தெரியும். இவன் கத்தினான்னு சொல்லு, இல்லைன்னா வேலை இருக்காதுன்னு சொன்னதும் நம்ம மொழியிலதான். அது மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

விசிலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தலைவிதியைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒரு சொல் தெரியாது. "என்னம்மா சொல்றான்?" என்றார். தலைவர் என்னைப் பார்த்து, நீங்கள் இப்போது சாட்சி, மொழிபெயர்க்கக் கூடாது என்றார். நான் மொழிபெயர்த்தேன். கிரேன்காரர் சொன்னதை வசவோடு சேர்த்துச் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். எனக்கு நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இப்போது எழுதும்போதுதான் அது தெரிகிறது.

"அப்ப இவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றார். "ரெண்டு பேரும் அன்னைக்கே இப்படி எழுந்து நின்னிருந்தா அந்த வெல்டர் பையன் இன்னைக்கு நடந்து போயிட்டிருப்பான். இப்ப எதுக்கு எழுந்தீங்க? எனக்காகவா? நான்தான் ரெண்டு காலோட நிக்கிறேனே."

கிரேன்காரர் மேசைக்குக் குறுக்கே என்னிடம், என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

தலைவர் மேசையைத் தட்டினார். நான் அதையும் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் குறைக்காமல். கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குனிய வழியில்லை. குனிந்துகொண்டு பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேட்காது.

அக்கா